மகளை ஆய்வுக் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா?

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மூத்தவளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்பதாவது படிக்கும்போது சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். "வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா" என்பாள், ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. தம்பிக்குத் தானே அடுப்படியில் நின்று விதவிதமாகச் செய்து கொடுப்பாள், தான் தொட மாட்டாள். குடல் தட்டினோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம், மருந்து எடுக்கவும் கூட்டிப் போனோம். ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்றார்கள். 7 மாதம் கழித்துத்தான் ஒரு மனநல டாக்டர் இது சாப்பாடு சம்பந்தப்பட்ட நோய் என்று சொன்னார். ஒன்றரை வருஷ வைத்தியத்தில் இப்போது தேறிவிட்டாள். போன மாதம் அந்த டாக்டர், "இந்த நோயைப் பற்றி ஒரு ஆய்வு தொடங்குகிறோம், ஆலோசனைக் குழுவில் உங்கள் மகளும் நீங்களும் இருக்க முடியுமா" என்று கேட்டார். மகள் சரி என்கிறாள். அவள் அப்பாவோ, "பிள்ளையை வச்சு சோதனை பண்ணப் போறாங்க, நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கையில கோட்டின்னு சொல்லுவாங்க" என்கிறார். நான் பத்தாவதுதான் படித்தவள். அவள் தினமும் சாப்பிட்டதைப் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. டாக்டர்களிடம் போய் நான் என்ன சொல்ல? பழையதைப் பேசினால் நோய் திரும்பிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த சில விவரங்களை மாற்றித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயம். "வச்சு சோதனை பண்ணப் போறாங்க" என்று அவர் சொல்வதில் தப்பு இல்லை, ஆய்வு என்றாலே நம் ஜனங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆனால் ஆய்வில் ஒருவர் இரண்டு விதமாகப் பங்கெடுக்கலாம். ஒன்று, ஆய்வுக்கு உட்படுவது: எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், கேள்வித்தாள் கொடுப்பார்கள், ஒரு சிகிச்சையைக் கொடுத்துப் பலனைப் பார்ப்பார்கள். இன்னொன்று, ஆய்வை எப்படி நடத்துவது என்று சொல்லிக் கொடுப்பது. எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், "குணமாகிவிட்டது" என்று எதை வைத்துச் சொல்வது என்றெல்லாம் நோயோடு வாழ்ந்தவர்களிடம் யோசனை கேட்பது. உங்களைக் கூப்பிட்டிருப்பது இந்த இரண்டாவது வேலைக்கு. உங்கள் மகளிடம் யாரும் எந்த மருந்தும் கொடுத்துப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நேரில் போகும்போது "ஆலோசனைக்கு மட்டும்தானா, இவளையும் அளந்து எழுதிக்கொள்வீர்களா" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இரண்டும் கலந்துவிடுகிறது, அது சரியில்லை.

"பத்தாவதுதான் படித்தவள், நான் என்ன சொல்ல" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் சிலர் பள்ளி மாணவியரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தோம். கனடாவில் உருவாக்கி 1982 முதல் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற, சாப்பாடு சம்பந்தப்பட்ட நோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கிற, 26 கேள்விகள் கொண்ட தாள் அது. அகராதியை வைத்துக்கொண்டு நாங்களே தமிழாக்கினோம், சாப்பாட்டுப் பிரச்சினையால் அவதிப்பட்ட ஒரு பெண்ணிடமும் அதைக் காட்டவில்லை. உணவைச் சிறு சிறு துண்டுகளாக்கிச் சாப்பிடுவீர்களா என்று அதில் ஒரு கேள்வி. முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை கையைத் தூக்கி, "மேடம், இட்லியப் பிட்டுத்தானே சாப்பிடணும்?" என்று கேட்டாள். அந்த வகுப்பில் பாதிப்பேர் "எப்போதும்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று மற்றவர்கள் நினைப்பதாகத் தோன்றுகிறதா என்று இன்னொரு கேள்வி. நம் வீடுகளில் ஆச்சி இருக்கிற எந்தப் பிள்ளை அதற்கு இல்லை என்று எழுதும்? அந்தத் தாள்களைக் கட்டி மேலே போட்டுவிட்டோம், அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. 1989இலேயே வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் இதே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தவர்கள், சில கேள்விகளைப் பிள்ளைகள் விரதம் மாதிரியான பழக்கங்களோடு சேர்த்து வேறு அர்த்தத்தில் புரிந்துகொண்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்திருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை. இந்த நோய் வந்து தேறிய ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரின் நேரமும் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் மகள் சொன்ன "வயிறு கல்லு மாதிரி" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பு மெலிந்துபோகிற நோய்க்கு அனோரெக்ஸியா என்று பெயர். அனோரெக்ஸியா என்றால் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் என்றுதான் எங்கள் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. ஹாங்காங்கில் 70 நோயாளிகளை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பயமே இல்லை. வயிறு உப்புசம், பசி இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். எடையைப் பற்றிய கவலை இல்லாமலே உணவைத் தவிர்க்கும் நோய் ஒன்று தனியாக உண்டு என்பதையும் 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்தார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் வயிற்றில் தொடங்கித்தான் பேசுகிறார்கள். அது நடிப்பும் இல்லை. பல வாரங்கள் சரியாகச் சாப்பிடாத உடம்பில் இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்த மாதிரி இருக்கும். "குண்டாகிவிடுவேன் என்று பயப்படுகிறாயா" என்று மட்டும் கேட்கிற ஆய்வு உங்கள் மகளை நோயில்லாதவள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கும்.

அப்புறம் அந்த 7 மாதம். நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் நடுவில் எத்தனை மாதம் போனது என்று எல்லா ஆய்வாளர்களும் குறித்துக்கொள்வார்கள். அந்த மாதங்கள் எங்கே போயின என்று கேட்பவர்கள் குறைவு. குடல் தட்டியது, கயிறு கட்டியது, யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று எடுக்கப் போனது, மாதவிலக்கு நின்றதும் ஆச்சி உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றி முன்னால் வைத்தது (நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்), ஸ்கேனுக்கு வரிசையில் நின்றது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் டாக்டர்களிடம் சொன்னால் திட்டுவார்கள் என்று நம் பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். குடல் தட்டுகிற பாட்டியிடமே "இந்த மாதிரிப் பிள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்கள்" என்று சொல்லி வைக்கலாம் என்ற யோசனை, அந்தப் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத்தான் தோன்றும்.

இப்போது நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்ற வரிக்குப் பின்னால் "என்னால்தான் வந்ததோ" என்ற எண்ணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் லசேக் என்ற மருத்துவரும் 1873இல் இந்த நோயை விவரித்தார்கள். அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரைக் கொடுத்த கல்தான், நோயாளியைக் கவனிக்க உறவினர்கள் பெரும்பாலும் லாயக்கில்லாதவர்கள் என்றும் எழுதினார். அந்தப் பேச்சு நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தார்கள். நானும் இந்தத் தொழிலின் தொடக்கத்தில் எத்தனையோ அம்மாக்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன், இன்றைக்கு அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் குடும்பத்தையே சிகிச்சையின் மையத்தில் வைத்துப் பார்த்தார்கள். நோய் சின்ன வயதில் தொடங்கி, வந்து மூன்று வருஷம் ஆகாத பிள்ளைகளுக்கு அது நன்றாக வேலை செய்தது என்று 1987இல் வெளியிட்டார்கள். இன்று வளரிளம் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சை அதிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்துக்கொண்டு, அழுதாலும் கத்தினாலும் நகராமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது பெற்றோர். அதை ஒன்றரை வருஷம் செய்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்கள்.

தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடாமல் இருந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான இளைஞர்கள் 36 பேர் தாங்களாகச் சம்மதித்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள், போரில் பட்டினியால் வாடியவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. எடை கால்வாசி குறைந்தபோது அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்காக வைத்துச் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்து போனார்கள். அவர்களுக்கு அம்மா வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை. பட்டினியே மூளையை அப்படி ஆக்குகிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கூட்டமாக உட்கார்ந்து கண்டுபிடித்ததை நீங்கள் உங்கள் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

சரி, போவதற்கு முன் கேட்க வேண்டியவை. உங்கள் மகளின் சம்மதம்தான் முதலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வில் பங்கெடுக்கும் 12 முதல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகளிடம் பெற்றோரின் சம்மதத்தோடு அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆலோசனைக் குழுவுக்கும் அதே மரியாதையை எதிர்பாருங்கள். இப்போது சரி என்கிற பிள்ளை மூன்றாவது கூட்டத்தில் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. சிகிச்சை கொடுக்கிற டாக்டரே கூப்பிட்டிருக்கிறார் என்பதால் இல்லையென்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். "நாங்கள் வரவில்லை என்றால் வைத்தியத்தில் ஏதும் மாறுமா" என்று அவரிடமே கேளுங்கள். மாறாது என்று தயங்காமல் சொல்பவரை நம்பலாம். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், கடிதத்தைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

ரகசியம் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கவலைப்படுவது நியாயம். பெயரைப் போட மாட்டோம் என்று அவர்கள் சொல்வார்கள், நம் பக்கத்தில் அது போதாது. ஊர், வயது, அப்பாவின் கடை, பள்ளி என்று நாலு விவரம் இருந்தால் பெயரே வேண்டாம், ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் படித்துறையிலேயே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தை நான் மாற்றியதும் இதனால்தான். அறிக்கையில் எந்த விவரம் வரும், போட்டோ எடுப்பார்களா, கூட்டத்தில் வேறு யார் இருப்பார்கள், அவர்கள் உங்கள் பக்கத்துக்காரர்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் அப்பாவையும் கூட்டிப் போங்கள். ஓரமாக நின்று பார்க்கட்டும், பேச வேண்டும் என்று தோன்றினால் பேசட்டும். அப்பாக்கள் சொல்வதைக் கேட்கவே ஆய்வுகளில் ஆள் குறைவு. ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தானும் சாப்பிடாமல் படுத்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அதை அவர் என்னிடம் சொல்ல 8 மாதம் ஆனது.

நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். நோயைப் பற்றிப் பேசுவதாலேயே நோய் வந்துவிடாது. ஆனால் எதைப் பேசுகிறார்கள் என்பது முக்கியம். இந்த நோய் வந்த பிள்ளைகள் ஒன்றாக உட்காரும்போது எண்கள் ஆபத்து. "நான் இத்தனை கிலோவுக்கு இறங்கினேன்" என்று ஒருத்தி சொன்னால், தேறி வருகிற இன்னொருத்திக்குள் அது போட்டியாக உட்கார்ந்துவிடும். எடை, கலோரி, பழைய போட்டோ மூன்றையும் கூட்டத்தில் பேசக் கூடாது என்று விதி இருக்க வேண்டும், அது இல்லாத குழுவுக்கு அனுப்பாதீர்கள். இன்னொரு சின்ன விஷயம், பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றாது: கூட்டம் எத்தனை மணிக்கு? பாளையங்கோட்டையில் பத்து மணிக்குக் கூட்டம் என்றால் நீங்கள் காலையிலேயே பஸ் ஏற வேண்டும், காலைச் சாப்பாடு அரைகுறையாகும், 11 மணிக்கு அவள் சாப்பிட வேண்டியது தள்ளிப்போகும், திரும்பி வரும்போது மத்தியானம் மூன்று ஆகிவிடும். தேறி வருகிற பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு வேளை தவறுவது சின்ன விஷயமில்லை. கூட்டத்தை அவள் சாப்பாட்டு நேரத்தைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், பஸ் செலவையும் அவர்கள்தான் தர வேண்டும். தட்டில் வடையும் பிஸ்கட்டும் வைத்து எல்லாருக்கும் நீட்டினால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள். அதுதான் அந்தக் குழுவுக்கு அவள் சொல்கிற முதல் யோசனையாகக்கூட இருக்கலாம்.

பரீட்சை நேரத்தில் போக வேண்டாம். மறுபடி சாப்பாடு குறைந்தாலோ, எழும்போது கண்ணை இருட்டினாலோ, கை கால் சில்லிட்டுப் போனாலோ, நாடித் துடிப்பு பகலில் 50க்குக் கீழே போனாலோ ஆய்வை விட்டுவிட்டு முதலில் சிகிச்சைக்குப் போங்கள். வெகு நாள் சாப்பிடாமல் இருந்த பிள்ளைக்குப் பயத்தில் ஒரேயடியாகத் திணிக்கவும் கூடாது, ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் பார்வையில்தான் கூட்ட வேண்டும். இதைப் படிக்கிற வேறு பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனநோய்களில் உயிரை அதிகம் பறிக்கிறவற்றில் இதுவும் ஒன்று. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, உங்கள் மனசைக் கொஞ்சம் தயார் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளையும் பெற்றோரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவது நல்லது, அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் மகள் உங்களைப் பற்றி ஏதாவது சொல்லலாம். "அம்மா என் முகத்தைப் பாக்காம தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்று என்னிடம் ஒரு பெண் சொன்னாள். அவள் அம்மா செய்தது சரிதான், தட்டைப் பார்க்காவிட்டால் சோறு சுவரோரம் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வலித்ததும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அடுத்த வீட்டு அம்மாவுக்கு வேறு விதமாக உட்காரச் சொல்லிக் கொடுக்க முடியும். அவள் அங்கே என்ன சொன்னாள் என்று பஸ்ஸில் வரும்போது துருவாதீர்கள்.

எது குணம் என்று அவளையே சொல்ல விடுங்கள். நாங்கள் எடையையும் மாதவிலக்கையும் வைத்துச் சொல்வோம், அவை அவசியம்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டில் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்காமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாளைத்தான் குணமான நாள் என்பாள். அந்த மாதிரி ஒரு கேள்வி இதுவரை எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை.

உங்கள் பால் கணக்கு நோட்டைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை இட்லி, எவ்வளவு நேரம், அன்றைக்கு அழுதாளா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நாள் தவறாமல் எழுதிய நோட்டு எந்த ஆஸ்பத்திரிக் கோப்பிலும் கிடைக்காது. அந்த டாக்டருக்கு அது தெரிந்தால் கட்டாயம் கேட்பார். ஆனால் அதில் இருப்பது அவள் வாழ்க்கை. நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதே அவளுக்குத் தெரியுமோ என்னவோ. சாப்பாட்டு நேரமாக இல்லாத ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டுங்கள். படிக்க வேண்டும் என்றால் படிக்கட்டும். இதை வெளியே காட்டலாமா, எந்தப் பக்கம் வேண்டாம் என்று அவளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் பக்கங்களை மடித்து வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு போங்கள்.